இறங்க இடம் எங்கே?

பெங்களூரில் ஹெப்பாளைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போகும் பல்லாரிச் சாலையில் வலப்பக்கம் வருகிறது ஜக்கூர் விமானதளம். அரசு விமானப் பயிற்சிப் பள்ளி 1940களின் இறுதியில் இங்கே தொடங்கியபோது சுற்றிலும் ராகி வயல்களும் ஏரிகளும்தான். இன்று ஓடுதளத்தின் மேற்கு முனைக்கு அப்பால் உயர்மட்டச் சாலை போகிறது. மற்ற திசைகளில் அடுக்குமாடிகள். ஒற்றை இயந்திரப் பயிற்சி விமானத்தில் முதல் பாடங்களைப் படிக்கும் மாணவருக்கு ஆசிரியர் அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார்: "மேலெழும்போது இயந்திரம் நின்றால் நேரே போய் இறங்கு. ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காதே."

இந்த விதி பல உயிர்களின் விலையில் கிடைத்தது. செஸ்னா 172 போன்ற விமானம் இயந்திரம் இல்லாமலும் மிதக்கும். ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே செல்லும். 500 அடி உயரத்தில் இயந்திரம் நின்றால் கையில் இருப்பது முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. அதில் முதல் சில நொடிகள், நடந்ததை மனம் நம்ப மறுப்பதிலேயே கரைந்துவிடும். அரைவட்டம் அடித்தால் வந்த பாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்போம். ஓடுதளத்தின் நேருக்கு வர இன்னும் திரும்ப வேண்டும். அவசரத்தில் விமானத்தைச் சாய்க்கச் சாய்க்க, இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம் உயர்கிறது: 45 டிகிரி சாய்வில் 19 விழுக்காடு, 60 டிகிரியில் 41 விழுக்காடு. வேகம் அதற்குக் கீழே போனால் விமானம் 'ஸ்டால்' ஆகி, சுழன்று, மூக்கு குத்தி விழும். அந்த உயரத்தில் மீட்க நேரமே கிடையாது.

நேரே இறங்குவதன் கணக்கு வேறு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் விமானம் மூன்று மீட்டர் தூரத்துக்குள் சீராக நின்றால், உள்ளே இருப்பவர் தாங்க வேண்டியது ஏறத்தாழ எட்டரை மடங்கு புவியீர்ப்பு. வாரை இறுக்கிப் பூட்டியவர் அதைத் தாங்கிப் பிழைக்கலாம். வேலியும் புதரும் இறக்கையைப் பிய்த்துக்கொண்டு போனால் போகட்டும். அவை வேகத்தைத் தின்றுவிடுகின்றன. 2016 மே மாதம் பாட்னாவிலிருந்து டெல்லிக்கு நோயாளியுடன் வந்த சிறிய ஆம்புலன்ஸ் விமானத்தின் இரண்டு இயந்திரங்களும் செயலிழந்தன. நஜஃப்கர் பக்கம் ஒரு வயலில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த ஏழு பேரும் பிழைத்தார்கள்.

இவ்வளவு நல்ல பயிற்சியில் குறை எங்கே? பயிற்சியில் இயந்திரம் உண்மையில் நிற்பதில்லை. ஆற்றலைக் குறைக்க ஆசிரியர் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுப்பார். மாணவர் வழக்கமான பயிற்சிப் பகுதியில், தமக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு வயலைத் தேர்ந்துகொள்வார். தரை நெருங்கியதும் த்ராட்டிலை முன்னே தள்ளி மேலே ஏறிவிடுவார்கள். கைகளுக்கு இது அருமையான பாடம். ஆனால் கடைசிச் சில நூறு அடிகளை மாணவர் ஒருநாளும் இறங்கிப் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, எல்லாப் பயிற்சியும் இயந்திரம் முழுமையாக நின்றுவிட்டதாக எண்ணியே நடப்பது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் 2010 வரை நடந்த நிகழ்வுகளைத் தொகுத்திருக்கிறது. புறப்பட்ட உடன் ஒற்றை இயந்திர விமானம் முழுமையாக ஆற்றல் இழந்தவை 75. அவற்றில் உயிரிழப்பே இல்லை. ஆற்றலில் ஒரு பகுதி மட்டும் போய், இருமிக்கொண்டே இயந்திரம் ஓடியவை 242. அவற்றில் 9 உயிரைப் பறித்தன. இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. முழுதாக நின்ற இயந்திரம் விமானியின் முடிவைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. திணறும் இயந்திரம், திரும்பிப் போய்விடலாம் என்று ஆசை காட்டுகிறது. நம் பயிற்சி அந்த ஆசையை எதிர்கொள்ளக் கற்றுத் தருவதில்லை. அமெரிக்க விமானத்துறை 2018இல் விட்ட சுற்றறிக்கை, எந்த உயரத்துக்கு மேல், எப்படிப் பாதுகாப்பாகத் திரும்பலாம் என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றது. 'திரும்பவே கூடாது' என்ற ஒற்றை வரியைவிட இது நேர்மையான பாடம். ஜக்கூருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. மெலிந்த காற்றில் இயந்திரம் குறைவாகவே இழுக்கும். விமானம் மெதுவாகவே மேலேறும். கடலோர ஊரில் கற்ற உயரக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

ஆனால் என் மனத்தை அறுப்பது இன்னொன்று. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் வடிவமைத்த எச்.பி.டி.-32 தீபக், 1977இல் முதலில் பறந்தது. பிறகு விமானப்படையில் சேரும் இளைஞர்களின் முதல் விமானமாயிற்று. நடுவானில் இயந்திரம் நின்றுபோவது அதன் தீராத நோய். 2009இல் அது தரையில் நிறுத்தப்படும்வரை 17 விபத்துகள், 19 விமானிகளின் சாவு. கட்டாயத் தரையிறக்கப் பயிற்சியைக் கண்டிப்பாகக் கற்றவர்கள்தான் அதில் பறந்தார்கள். கற்பித்தவர்களும் அதிலேயே இறந்தார்கள். இயந்திரத்தின் நோய்க்கு விமானியின் கைத்திறனை மருந்தாக எத்தனை ஆண்டுகள் கொடுத்துக்கொண்டிருந்தோம்! நல்ல பயிற்சியே இங்கே ஒரு சாக்காகிப்போனது. 'சமாளித்துவிடுவார்கள்' என்ற நம்பிக்கை, இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டிய அவசரத்தைத் தணித்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அதே 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே சேஷகிரிஹள்ளியில், உள்நாட்டில் வடிவமைத்த சரஸ் விமானத்தின் இரண்டாம் முன்மாதிரி விழுந்து மூவர் இறந்தார்கள். ஓர் இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, வானிலேயே மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை அது. வகுத்திருந்த மறு இயக்க முறையே தவறு, அதைச் செய்த உயரமும் போதாது என்று விசாரணை சொன்னது. செயல்முறையை எழுதுகிறவர் தரையில் செய்யும் பிழையை மேலே இருக்கும் விமானியால் திருத்த முடிவதில்லை.

ஜக்கூருக்கே திரும்புவோம். 'நேரே போ' என்ற விதி, நேரே ஏதோ ஒரு திறந்த நிலம் இருக்கும் என்று நம்புகிறது. அந்த நிலத்தை நகரம் தின்றுவிட்டது. கிழக்கே ஜக்கூர், ராச்சேனஹள்ளி ஏரிகளின் நீர்ப்பரப்பும் அங்கங்கே விளையாட்டுத் திடல்களும்தான் மிச்சம். இறங்கும் விமானத்தைப் பற்றிப் பாடநூல்கள் பேசுகின்றன; கீழே திடலில் நிற்கும் குழந்தையைப் பற்றி எந்தப் பாடநூல் பேசுகிறது? ஓடுதள முனைக்கு அப்பால் உள்ள நிலத்தைக் கட்டடமின்றிக் காக்கும் பொறுப்பு விமானியுடையது அல்ல. வரைபடத்தில் கையெழுத்திடும் நகர அதிகாரியுடையது. அது நடக்கும்வரை பயிற்சிப் பள்ளி ஒன்று செய்யலாம்: புதிய மாணவரை முதல் தனிப்பறப்புக்கு முன் இருசக்கர வாகனத்தில் ஓடுதளத்தின் இரு முனைகளுக்கும் அப்பால் மூன்று கிலோமீட்டர் கூட்டிப்போய், எந்தக் காலிமனை இன்னும் காலியாக இருக்கிறது, எதில் நேற்று கம்பி நட்டார்கள் என்று காட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் போக வேண்டியிருக்கும்.