தாங்கேயின் வம்சாவளி அகராதி: எதுவரை நம்பலாம்?

ஏழு தொகுதிகள். முதலாவது வந்தது 1871இல், கடைசி 1890இல். சிப்ரியேன் தாங்கே என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கியூபெக்கின் பங்குக் கோயில்களில் இருந்த பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தொகுத்த 'கனடியக் குடும்பங்களின் வம்சாவளி அகராதி' இது. பிரெஞ்சுக் கனடியர்கள் முன்னோரைத் தேடும்போது இன்றைக்கும் திறந்து பார்க்கும் நூல். குடும்ப மரம் பாடத்துக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு தேடும் ஆசிரியர்களே, ஒருமுறை புரட்டிப் பாருங்க. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க.

நூலின் அமைப்பு எளிது. கணவரின் குடும்பப் பெயர் அகர வரிசையில் வரும். அதன் கீழே திருமண நாள், மனைவி பெயர், பிள்ளைகள், அவர்களின் ஞானஸ்நான நாள். ரோமன் எண் ஒன்று என்றால் கடல் கடந்து முதலில் வந்தவர்; இரண்டு என்றால் அவர் பிள்ளை. ஒரே மாலையில் நாலைந்து தலைமுறை ஏறிவிடலாம். இந்தச் சுலபம்தான் எனக்கு உறுத்துகிறது.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்களேன். அந்தக் குடியேற்றத்தில் பலருக்கு இரண்டு பெயர். குடும்பப் பெயருக்குப் பின்னால் 'தி' என்று போட்டு ஒரு பட்டப்பெயர். நாம் 'என்கிற' என்று எழுதுவோமே, அதேதான். 1665இல் வந்த கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் சிப்பாய்களிடம் 'லாஃப்ளேர்' (பூ), 'சான்சூசி' (கவலையற்றவன்) போன்ற பட்டாளத்துப் பெயர்கள் சாதாரணம். அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி இன்னொரு பெயரிலும் பதிவாகியிருப்பது உண்டு. தாங்கேவுக்கு இது தெரியாமல் இல்லை. கடைசித் தொகுதியில் மாற்றுப்பெயர்ப் பட்டியலே தந்திருக்கிறார். முதல் தொகுதியோடு நிறுத்திக்கொள்பவர் கண்ணில் அது படுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை, பெண்களை அவர் வைத்த இடம். கியூபெக் பதிவேடுகளில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் வருகிறாள். வம்சம் தேடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆங்கிலப் பதிவேடுகளில் தாய்வழி அறுந்துபோகிற இடத்தில், இங்கே வழி திறந்தே கிடக்கிறது. தாங்கே அந்த வழியைக் கணவர் பெயருக்குள் போட்டு அடைத்துவிட்டார். இரண்டு முறை விதவையாகி மூன்றாவது முறை மணந்தவளின் வாழ்க்கை மூன்று பக்கங்களில் சிதறிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் இது அபூர்வமும் இல்லை. 1663க்கும் 1673க்கும் இடையில் அரசு செலவில் ஏறத்தாழ 800 பெண்கள் திருமணத்துக்கென்றே வந்து இறங்கினார்கள். 'அரசனின் மகள்கள்' என்று பெயர். இன்றைய பிரெஞ்சுக் கனடியர் பலருக்கு அவர்களில் ஒருத்தி பாட்டி. அவளைத் தேட, முதலில் அவள் யாரை மணந்தாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கணும்!

அடிமைகள் நிலை இன்னும் மோசம். ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும், பக்கத்தில் எஜமானர் பெயர். குடும்பப் பெயரே இல்லாதவரைக் குடும்பப் பெயர் அகராதியில் எந்த எழுத்தின் கீழ் தேடுவது? 1990இல் வரலாற்றாசிரியர் மார்செல் த்ருதெல் அடிமைகளுக்கென்று தனி அகராதி வெளியிட்டார். அவர்களில் பெரும்பான்மையோர் 'பானி' என்று குறிக்கப்பட்ட பூர்வகுடிகள். அவர் எஜமானர்களையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். தாங்கேயில் கௌரவமாக நிற்கும் ஒரு குடும்பத்தை இதிலும் தேடிப் பாருங்க. என்னைக் கேட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கணும்.

நாள், பெயர்ப் பிழைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தனி ஆளாகச் செய்த வேலையில் அவை இருக்கத்தான் செய்யும். ரெனே ஜெத்தேயின் 1983 அகராதி பலவற்றைத் திருத்தியது. ஆனால் அது 1730ஓடு நின்றுவிடுகிறது. மொன்றியல் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஆள்வாரியாக இணைத்திருக்கிறது. சந்தேகம் தீரவில்லையென்றால் நோட்டரியிடம் எழுதிய திருமண ஒப்பந்தத்துக்குப் போகணும். பெண்ணின் பெற்றோர் யார், கையெழுத்துப் போட வந்த சொந்தக்காரர்கள் யார், அவள் கொண்டுவந்தது என்ன என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.