கூடத்துக்கு ஏற்ற பளபளப்பு

ஜன்னல் வெயில் பட்டதும் பாலிஷ் டைல்ஸ் பதித்த கூடம் அகலமாகத் தெரிகிறது. ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் வெந்து இறுகிய உடல் அந்த டைலுக்கு, எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்காது. அதன்மேல் அச்சிட்ட பளிங்கு ரேகைகள், மெருகேற்றிய கிளேஸ் பூச்சு.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச், ஒரே ஷேடுதானா என்று பாருங்கள். ஒட்டுவதற்கு முன் சில பெட்டிகளைப் பிரித்துத் தரையில் பரப்பி, ரேகைகளை மாற்றி மாற்றி அடுக்கினால் கல்லின் இயல்பு வந்துவிடும். ஸ்பேசர் வைத்து, அடி முழுக்கப் பசை பரப்பி ஒட்டும் கொத்தனாரின் கைக்குப் பாதிப் பெருமை சேரும். தட்டினால் எங்கும் ஒரே திடமான ஓசை வர வேண்டும்.

ஈரத்தில் வழுக்குமென்பதால் குளியலறைக்கு மேட் டைல்ஸே சரி. கூடத்துக்கோ, ஈரத்துணி பட்டதுமே பளிச்சிடும் இந்தத் தரைதான் என் தேர்வு.