வெளிச்சம் கேட்கும் பெட்டி: முதல் கேம் பாய் இன்று

ஜப்பானின் கியோட்டோ நகரை இருப்பிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21 அன்று 12,500 யென் விலையில் வெளியிட்ட கேம் பாய், பழைய விளையாட்டுக் கருவிகளைச் சேகரிப்போரிடையே டிஎம்ஜி-01 என்ற மாதிரி எண்ணாலேயே பெரிதும் குறிக்கப்படுகிறது. புள்ளிகளின் வரிசையால் படம் காட்டும் விளையாட்டு என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. 1998இல் வந்த வண்ணத்திரைப் பதிப்பையும் சேர்த்து உலகெங்கும் 11.8 கோடிக்கும் மேல் விற்ற குடும்பத்தின் மூத்த பிள்ளை என்பதால், இதை அரும்பொருள் என்று சொல்ல வழியில்லை. இதைத் தேடி வாங்குவோரை ஈர்ப்பது அருமையைக் காட்டிலும் ஒரு காலத்து ஆட்டத்தின் நினைவுதான். அந்த நினைவுக்கும் கருவி உண்மையில் காட்டும் படத்துக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இத்தகைய பழம்பொருளை மதிப்பிடும் வேலை. இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, திரையோ மேலுறையோ மாற்றப்படாத, சாம்பல் நிறம் லேசாக மஞ்சளித்துப்போன மூலப் பதிப்பு.

கையில் எடுத்தவுடன் முதலில் உணரப்படுவது பருமன். 148 மில்லிமீட்டர் உயரமும் 90 மில்லிமீட்டர் அகலமும் 32 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இந்தப் பெட்டி, பென்சில் பேட்டரி எனப்படும் ஏஏ அளவு மின்கலங்கள் நான்கையும் இட்டபின் ஏறத்தாழ 300 கிராம் எடைக்கு வருகிறது. சேகரிப்போர் இதைச் செங்கல் என்று செல்லமாக அழைப்பதில் மிகை ஒன்றுமில்லை. ஆயினும் எடை கீழ்ப்பகுதியில் தங்குவதால் உள்ளங்கையில் நன்றாக அமர்கிறது. இடப்புறம் உள்ள சிலுவை வடிவத் திசைப்பொத்தான், இக்கருவியை உருவாக்கிய பிரிவின் தலைவரான குன்பெய் யோகோய் 1982இல் டாங்கி காங் என்ற கையடக்க விளையாட்டுக்காக வகுத்த வடிவத்திலிருந்து வந்தது. பொத்தானுக்கு அடியில் மின்னைக் கடத்தும் கரிப்பூச்சுடைய ரப்பர் மெத்தை ஒன்றே இருப்பதால், அழுத்தம் மென்மையாக இறங்கி மெல்லத் திரும்புகிறது. இன்றைய பல கருவிகளின் ‘டிக்’ ஒலிக்குப் பழகிய விரலுக்கு இது தொடக்கத்தில் மந்தமாகத் தோன்றினாலும், அரை மணி நேர ஆட்டத்துக்குப் பின் கட்டைவிரல் வலிக்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம் என்பது புலப்படும். மேல் விளிம்பில் உள்ள மின்விசையை நகர்த்தும்போது அதன் உள்நாக்கு, தமிழ்நாட்டு வழக்கில் கேசட் எனப்படும் விளையாட்டுப் பேழையின் மூலையில் வெட்டப்பட்ட பள்ளத்தில் நுழைந்து, ஆட்டத்தின் நடுவே யாரும் அதைப் பிடுங்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. குழந்தைகளை நன்கு அறிந்த ஒருவர் செய்த ஏற்பாடு அது.

திரையைப் பற்றி விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. அகலவாக்கில் 160, உயரவாக்கில் 144 என மொத்தம் 23,040 புள்ளிகளைக் கொண்ட இந்தத் திரவப்படிகத் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. அறையின் வெளிச்சம் திரைக்குள் புகுந்து, பின்னால் உள்ள பளபளப்பான தாளில் பட்டுத் திரும்பும்போது, இருண்ட புள்ளிகள் நிழல்போலத் தெரிகின்றன. நான்கே சாயல்கள்: வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சையில் முடிபவை. தமிழ்நாட்டில் 1990களில் பொருட்காட்சிகளிலும் பேன்சி ஸ்டோர்களிலும் விற்ற, ‘9999 இன் 1’ என்று மேலே அச்சிட்ட பிரிக் கேம் கருவிகளை ஆடியவர்களுக்கு இதன் வேறுபாடு உடனே விளங்கும். அவற்றில் 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் உடைய, முன்கூட்டியே பொறிக்கப்பட்ட 200 சதுரங்களும் சில எண்களும் தவிர வேறெதுவும் தோன்ற இயலாது. கேம் பாயிலோ எந்தப் புள்ளியும் எந்த உருவத்தின் பகுதியாகவும் ஆகலாம். டெட்ரிஸ் விளையாட்டைப் பெரும்பாலான தமிழ் வீடுகளுக்குக் கொண்டுவந்தவை அந்தப் பெயரற்ற பிரிக் கேம்கள்தாம் என்பதால், இங்குள்ள சேகரிப்பாளர் ஒருவர் கேம் பாயின் மீது கொள்ளும் ஏக்கம் ஓரளவு இரவல் ஏக்கமே என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

இரவு விளக்கின் மங்கலில் இந்தத் திரை ஏறக்குறைய பயனற்றது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்திலோ, தலைக்குப் பின்னால் எரியும் டியூப் லைட்டின் கீழோ, பெட்டியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, இடப்பக்க விளிம்பில் உள்ள சிறு சக்கரத்தால் கருமையின் அளவைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் படம் நிலைக்கிறது. அதைவிடப் பெரிய குறை மந்தம். ஒரு புள்ளி கருமையிலிருந்து வெளிர்நிறத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம், அடுத்த படம் வந்துசேரும் நேரத்தைவிட நீண்டது. ஆகவே நகரும் உருவம் தனக்குப் பின்னால் ஒரு சாயலை இழுத்துக்கொண்டு போகிறது. 1989இல் கருவியுடனேயே வந்த சூப்பர் மாரியோ லேண்டில் மாரியோ ஓடத் தொடங்கினால் பின்னணி முழுவதும் கலங்கிய நீர்போல ஆவதை, கணினியில் அதே விளையாட்டின் கூர்மையான படங்களை மட்டும் பார்த்தவர் நம்பமாட்டார். மூலக் கருவியில் ஆடியவர்கூட நம்ப மறுப்பதுண்டு. நினைவு அந்தக் கலக்கத்தைச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டிருக்கிறது.

ஆனால் அக்கால வடிவமைப்பாளர்கள் இந்தக் குறையை அறியாமல் வரையவில்லை. டெட்ரிஸில் விழும் ஏழு வகைக் கட்டைகளை நிறத்தால் பிரித்துக்காட்ட வழியில்லாததால், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கோலம் நிரப்பப்பட்டது. ஆடுகளமும் நகர்வதில்லை, கட்டையொன்றே விழுகிறது என்பதால் மந்தமான திரைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு அமைந்திருக்க முடியாது. 1992இல் வந்த கிர்பீஸ் ட்ரீம் லேண்ட், பெரிய வட்டமான உருவத்தையும் வெறுமையான பின்னணியையும் நிதானமான வேகத்தையும் தேர்ந்துகொண்டதும் இதே கணக்கில் பொருந்துகிறது. திரையில் நிறமில்லாத காரணத்தால் அந்தக் கிர்பியை அமெரிக்க அட்டைப்பெட்டியில் வெள்ளையாகவே அச்சிட்டுவிட்டார்கள், உருவாக்கியவர் மனத்தில் அது இளஞ்சிவப்பாக இருந்தபோதிலும். சில விளையாட்டுகளில் நிழல் ஒன்று ஒரு படத்தில் தோன்றி அடுத்த படத்தில் மறைந்து மாறிமாறி வரும். விரைவான இன்றைய திரையில் கண்ணை உறுத்தும் துடிப்பாகத் தெரியும் அது, பழைய திரையின் மந்தத்தில் கலந்து, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நிழலாகிவிடுகிறது. திரையைக் குறையுடைய சன்னலாக மட்டும் கருதுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஓவியம் தீட்டப்பட்ட துணியே அதுதான்.

இத்தகைய திரையை நின்டெண்டோ தேர்ந்ததற்குக் காரணம் சிக்கனம். நன்கு பழகி, விலை குறைந்து, குணம் முழுதும் தெரிந்துவிட்ட பழைய தொழில்நுட்பத்தைப் புதிய பயனுக்குத் திருப்புவது யோகோயின் கொள்கை. அவர் அதை வாடிய தொழில்நுட்பத்தின் பக்கவாட்டுச் சிந்தனை என்று பொருள்படும் தொடரால் குறித்தார். அதே 1989இல் வந்த அட்டாரி லின்க்ஸும், 1990இல் வந்த சேகா கேம் கியரும் ஒளியூட்டப்பட்ட வண்ணத்திரை கொண்டவை. ஆறு மின்கலங்களை விழுங்கிச் சில மணி நேரத்திலேயே அணைந்தவை. 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் எட்டு பிட் செயலியும் எட்டு கிலோபைட் நினைவகமும் கொண்ட கேம் பாயோ, நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் மீர் விண்வெளி நிலையத்துக்குக் கையோடு கொண்டுசென்றதும் இதைத்தான்.

ஒலி, எதிர்பாராத வகையில் இன்றும் குறைவின்றி நிற்கும் பகுதி. இரண்டு சதுர அலைத் தடங்கள், வடிவமைப்பாளர் விரும்பியபடி வரைந்துகொள்ளக்கூடிய அலைத் தடம் ஒன்று, இரைச்சல் தடம் ஒன்று என நான்கே தடங்கள். முகப்பில் உள்ள சிறு ஒலிபெருக்கி ஒற்றைத் தடத்தில் தகரக்குரலில் பாடினாலும், கீழ்விளிம்பில் ஹெட்போனைச் செருகினால் இரு காதுகளுக்கும் பிரித்துத் தருகிறது. இந்த மின்னொலியை இசைக்கருவியாகவே பயன்படுத்தும் கலைஞர்கள் இருக்கிறார்கள். லிட்டில் சவுண்ட் டிஜே என்ற இசையமைப்புச் செயலி கேம் பாய்க்கென்றே எழுதப்பட்டது.

இன்று வாங்குவோர் பார்க்க வேண்டியவை வேறு. திரையின் கண்ணாடியையும் அதை இயக்கும் பலகையையும் இணைக்கும் மெல்லிய நாடா, சூட்டினால் ஒட்டப்பட்டது. காலப்போக்கில் அந்த ஒட்டு விடும்போது செங்குத்துக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கையாளப்பட்ட கருவியிலும் வலப்புறம் இரண்டு கோடுகள் இல்லை. மூடியைக் கழற்றி, நாடாவின் விளிம்பில் சால்டரிங் அயர்னின் நுனியை மென்மையாக இழுத்துச் சூடேற்றினால் பெரும்பாலும் கோடுகள் மீள்கின்றன என்றாலும், வெளியுறையின் திருகாணிகளைத் திறக்க மூன்று கிளைகள் உடைய தனித் திருப்புளி வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். மின்கல அறையில் கசிந்த காரத்தின் பச்சைப்பூச்சு தகடுகளை அரித்திருக்கலாம். அளவோடு தொட்ட வினிகர் அதைக் கரைக்கும். உறை மஞ்சளிப்பது, நெகிழியில் தீ தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்களோடு தொடர்புடையது எனப்படுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பாக்கும் முறை சேகரிப்போரிடையே பரவியிருக்கிறது. நிறம் மீண்டும் மஞ்சளுக்குத் திரும்பக்கூடும் என்பதால், அந்த உழைப்பு வீண் என்பதே இங்குள்ள கருத்து. மஞ்சள் அப்படியே இருக்கட்டும்.

கேசட்டுகளில் இரண்டு தொல்லைகள். ஒன்று அழுக்கு: கருவியை இயக்கியதும் நின்டெண்டோவின் பெயர்ச்சின்னம் மேலிருந்து இறங்கி வருகிறதல்லவா, அது கேசட்டிலிருந்து படிக்கப்படுகிறது, கருவிக்குள் உள்ள 256 பைட் தொடக்க நிரல் அதைத் தன்னிடம் உள்ள படியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு புள்ளி மாறினாலும் ஆட்டத்தைத் தொடங்க மறுக்கிறது. உரிமமற்ற கேசட்டுகளைத் தடுக்கச் செய்த இந்தச் சோதனை, இன்று சேகரிப்பாளருக்கு நோய் காட்டும் கருவியாக உதவுகிறது. சின்னம் சிதைந்து வந்தால் தொடர்முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும் என்று பொருள். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தை ஏற்றி அரிப்பை வளர்க்கும் பழக்கம். மற்றொன்று, ஆட்டத்தின் நிலையைக் காக்கும் நாணய வடிவ மின்கலம். 1996இல் ஜப்பானில் தொடங்கிய போகிமான் வரிசையில், ஆடுபவர் பிடித்த உயிரினங்கள் யாவும் அந்த மூன்று வோல்ட் வில்லையின் தயவில் வாழ்கின்றன. கடிகாரமும் ஓடும் கோல்டு, சில்வர் பதிப்புகளில் அது இன்னும் விரைவாகத் தீர்கிறது. பழைய கேசட்டை வாங்கியவர் முதலில் செய்யவேண்டியது புதிய வில்லையைப் பற்றவைப்பதே. அதோடு முந்தைய உரிமையாளரின் சேமிப்பு அழிந்துபோவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். போகிமான் கேசட்டுகளில் போலிகள் மலிந்திருப்பதால், உள்ளிருக்கும் பலகையில் கரிய பசைக்குமிழால் மூடிய சில்லு தெரிந்தால் விலகிவிடுவது நல்லது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. ஒளிரும் புதிய திரையைப் பொருத்திக்கொள்ளும் மாற்றுத்தொகுதிகள் கிடைக்கின்றன. படம் பளிச்சென்று வரும், மின்கலம் விரைவில் தீரும், மேலே சொன்ன ஊடுருவும் நிழல் துடிப்பாக மாறும். 2021 இறுதியில் வந்த அனலாக் பாக்கெட், செயலியின் நடத்தையை மென்பொருளால் போலச்செய்யாமல், வேண்டியபடி உள்ளமைப்பை மாற்றியெழுதக்கூடிய சில்லு ஒன்றில் பழைய மின்சுற்றையே மறுபடி அமைத்து, பழைய கேசட்டுகளை நேரடியாக ஏற்கிறது. அதன் திரையின் 1600க்கு 1440 என்ற அளவு மூலத்திரையின் சரியான பத்து மடங்கு. ஆடுவதே நோக்கமாக இருந்தால் அதுவோ, 2003இல் வந்த ஒளியுள்ள கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியோ போதும், கண்ணுக்கும் நல்லது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுவதால், எந்தக் கருவியில் என்றாலும் கேசட்டுகளைக் காப்பது தேவையான வேலையே. மூலக் கருவி, அந்த விளையாட்டுகள் ஏன் அப்படி வரையப்பட்டன என்று அறிய விரும்புபவருக்கு உரியது. அவருக்கு, இரண்டு கோடுகள் இல்லாத திரையுடனும் இதை வாங்கப் பரிந்துரைக்கலாம்.

ஒரு பகுதியை மட்டும் சோதித்துப் பார்க்க எளிதில் வாய்ப்பதில்லை. வலப்பக்க விளிம்பில் சிறு மூடிக்குள் இருக்கும் துளை, இரண்டு கருவிகளைக் கம்பியால் இணைத்து இருவர் டெட்ரிஸ் ஆடுவதற்கும், போகிமான்களைப் பரிமாறிக்கொள்வதற்கும் உரியது. அதற்கு இரண்டு கருவிகளும் ஒரு கம்பியும் எதிரே ஒரு மனிதரும் வேண்டும். நான்கைந்து கருவிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருப்போரிடமும் கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இருப்பதில்லை. துணை கிடைத்துவிட்டால், வாங்கும் கம்பியின் முனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: 1996இல் வந்த கேம் பாய் பாக்கெட் முதல் அந்தத் துளை சிறுத்துவிட்டது, மூலக் கருவிக்குப் பெரிய முனையே பொருந்தும்.