பயந்த கோளாறு: யாருடைய நோய்? யார் வைத்த பெயர்?

1871ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கம் பைத்தியக்கார விடுதியைத் திறந்தது. அதே ஆண்டு வட இந்தியாவில் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. இரண்டுக்கும் நடுவில், 1882இல், சென்னை வனச்சட்டம். புத்தி பிசகியவர் யார், பிறவிக் குற்றவாளி யார், காடு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே எசமான் நாற்பது வருஷத்துக்குள் பதில் எழுதி முடித்துவிட்டான். இவற்றுக்குள் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. மூன்றும் ஒரே கண்ணால் பார்க்கப்பட்டவை என்கிறேன். மலையில் இருப்பவனை விளக்கவும், அடக்கவும், வேண்டுமானால் குணப்படுத்தவும் கீழே இருப்பவனுக்கு உரிமை உண்டு என்கிற கண் அது.

பழங்குடி மக்களுக்கான 'பண்பாட்டு உணர்வுள்ள மனநல ஆலோசனை' பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு இந்தக் கண்ணை மாற்றியிருக்கிறதா, கண்ணாடியை மட்டும் மாற்றியிருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையை வைத்தே கேட்கலாம்.

2015 ஏப்ரல் 7 அதிகாலை, திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக்கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது. செத்தவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் ஜவ்வாது மலை, அதன் அடிவாரம், தருமபுரியின் சித்தேரி மலை ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள்; அவர்களில் மலையாளிப் பழங்குடியினர் பலர். (மலையாளி என்றதும் கேரளம் போய்விட வேண்டாம். காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்று கதை சொல்லும் தமிழ் பேசும் மக்கள்.) சில குடும்பங்கள் உடலை எரிக்க மறுத்தன. மறு பிரேதப் பரிசோதனை கேட்டு நீதிமன்றம் போயின.

மனநலச் சொல்லாடலில் இந்த மறுப்புக்கு என்ன பெயர்? துக்கத்தைப் படிகளாக அடுக்கிய ஒரு மாதிரி உண்டு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சாகப்போகும் நோயாளிகளை வைத்து எழுதியது. அதில் முதல் படி 'மறுத்தல்'. நடந்ததை மனசு ஏற்காத நிலை. பிணத்தை எரிக்க மாட்டேன் என்று உட்கார்ந்த பெண் அந்தப் படியிலா இருந்தாள்? இல்லை. நடந்ததை எல்லோரையும்விட அவள்தான் துல்லியமாக ஏற்றிருந்தாள். அவள் ஏற்க மறுத்தது போலீஸ் சொன்ன கதையை. அங்கே துக்கமே சாட்சியமாக நின்றது. அதை ஆற்றுப்படுத்தப் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, சாட்சியத்தைக் கலைக்கப் போகிறவர்.

அடுத்து 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கிற பெயர். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக நடந்த போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. போர் முடிந்து வீடு திரும்பியவனுக்குப் 'பிந்தைய' என்பது பொருந்தலாம். பாலஸ்தீன மனநல மருத்துவர் சமாஹ் ஜப்ர், எங்களுக்குப் 'பிந்தைய' என்று ஒன்று கிடையாது என்று வாதிடுகிறார். ஜவ்வாது மலைக்கும் இதைச் சொல்லலாம். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பிடிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் 2016இல்தான் விடுதலையானார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் பிணம் மிதந்தது. சாமையும் கடுக்காயும் வயிற்றுக்குப் போதாதபோது மேஸ்திரி நீட்டும் முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறத்தான் வேண்டும் என்றால், எது பிந்தையது?

நம்மிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன. 'புள்ள பயந்துட்டான்' என்பார்கள். பயந்த கோளாறு. காத்து கருப்பு, கண்ணேறு, ஏவல், சாமி குத்தம். 'நெஞ்ச அடைக்குது', 'மனசு ஒரு நெலயில இல்ல.' இவற்றை அறியாமை என்று தள்ளுவது பழைய காலனியம். 'உள்ளூர்ப் பண்பாட்டு வெளிப்பாடு' என்று அட்டவணைப்படுத்திப் பக்கத்திலேயே 'சரியான' நோய்ப்பெயரை எழுதிவைப்பது புதியது. இரண்டிலும் இவர்களுடைய சொல் மூலப்பொருள். அறிவு வேறெங்கோ தயாராகிறது. பயந்த கோளாறு என்ற சொல்லைக் கவனியுங்கள். அது 'எதைக் கண்டு பயந்தான்?' என்று உடனே கேட்க வைக்கிறது. கோளாறை ஆளுக்குள் பூட்டிவிடாமல், அவன் எதிர்ப்பட்ட இடத்தை, நேரத்தை, உருவத்தைத் தேடச் சொல்கிறது. அந்த உருவம் காக்கி போட்டிருந்தாலும் அந்தச் சொல் தாங்கும். 'மனச்சோர்வு' என்ற சொல் தாங்குமா?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய கே.எஸ். ஜேக்கப் போன்றவர்கள் உள்ளிருந்தே ஒரு விமர்சனத்தை வைத்தார்கள். தனக்கு வந்திருப்பது மூளை நோய் என்று ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு 'உள்ளுணர்வு இல்லை' என்று எழுதும் வழக்கத்தை அவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒரே ஆள் ஒரே நாளில் மாத்திரையும் போடுவான், குறியும் கேட்பான். அவனுக்கு அதில் முரண்பாடு கிடையாது. முரண்பாடு நம் படிவத்தில்தான் இருக்கிறது.

அப்ப பூசாரியிடமே விட்டுவிடலாமா? தோழர்கள் சிலர் இங்கே வேகமாக ஓடுகிறார்கள். இரண்டு எண்களைச் சொல்கிறேன். ரகுராமும் சக ஆய்வாளர்களும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் முத்துசாமி கோவிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்ததில், சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தனிச்சடங்கு என்று எதுவும் இல்லை; மிரட்டாத, அரவணைக்கிற சூழல் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் தனியார் 'மனநலக் காப்பகம்' ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். இதை அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் நடக்கிற சண்டையாகப் பார்க்க முடியாது. அங்கே ஆளைத் தாங்கினார்கள். இங்கே ஆளைக் கட்டினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்திருக்கிறது. அந்தத் தடை மலைக்கும் வேண்டும். மலையில் வலிப்புக்கும் தீவிர மனச்சிதைவுக்கும் மாத்திரை கிடைப்பது உரிமை, காலனியம் அல்ல. 'அவங்க பண்பாடு அப்படி' என்று மருந்தை நிறுத்திவைப்பது காலனியத்தின் சோம்பேறித்தனமான வடிவம்.

இங்கே ஃபனானை வைத்து ஒன்றைச் சொல்லலாம். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்குப் போகிறார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் விழா, சினிமா, பத்திரிகை என்று அவர் கொண்டுவந்த சமூகச் சிகிச்சை வேலை செய்கிறது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுத்துவிடுகிறது. நோயாளிகளைக் குறைசொல்லாமல், முறைதான் பிரான்சிலிருந்து இறக்குமதியானது என்று 1954இல் அசூலேயுடன் சேர்ந்து எழுதுகிறார். காப்பிக்கடை வைக்கிறார், அவர்களுடைய பண்டிகையைக் கொண்டாடுகிறார், கதைசொல்லியை அழைக்கிறார். பண்பாட்டு உணர்வு என்று நாம் இன்று சொல்வதெல்லாம் இதுதான். நம்மில் பலர் காப்பிக்கடையோடு கதையை நிறுத்திவிடுகிறோம். ஃபனான் நிறுத்தவில்லை. 1956இல் ராஜினாமா செய்தார். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே 'இயல்பாக்கி' அனுப்பும் வேலை இனி முடியாது என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். காப்பிக்கடை பண்பாட்டு உணர்வு. ராஜினாமா காலனிய நீக்கம். இரண்டும் ஒன்றல்ல.

ஜமுனாமரத்தூரில் உடுக்கை ஒலிக்க ஓர் ஆலோசனை மையம் வைக்கலாம். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும், 2008இன் உயர்நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது பல ஆண்டு முடங்கிக் கிடந்ததை அந்த உடுக்கை பேசுமா? 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்துச் செத்த குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் தாயே சுமந்து நடந்தாள். அவளுக்கு ஆலோசகர் வேண்டும்தான். அவர் எந்த வழியாக ஏறி வருவார்?

வாச்சாத்தியையும் நினைக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்த மலையாளிகளின் ஊர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011இல், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த முப்பத்தொரு வருஷம் மலைவாழ் மக்கள் சங்கத்தோடு கோர்ட்டுக்கு நடந்ததும், அடையாள அணிவகுப்பில் விரல் நீட்டியதும், பெயர் சொன்னதும் மனநலத்தின் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? சிகிச்சை என்று நான் அதை அழைக்கப் போவதில்லை. அப்படி அழைத்தால் அதையும் ஒரு முறையாக்கி விற்றுவிடுவார்கள். ஆனால் அதற்குக் குறைந்த எதையும் 'குணம்' என்று அழைக்க மறுக்கலாம்.

செயல்படுகிறவர்களுக்காகச் சில: மலையில் வேலை செய்யும் ஆலோசகர் மலையிலிருந்தே வரவேண்டும், தன் மக்கள் பயன்படுத்தும் சொற்களிலேயே குறிப்பெழுதும் அதிகாரம் அவருக்கு வேண்டும். அந்தக் குறிப்பு நோயாளியின் சம்மதமில்லாமல் போலீசுக்கோ வனத்துறைக்கோ போகக்கூடாது. மாத்திரை கீழே இறங்காமல் கிடைக்க வேண்டும். ஆலோசகருக்கு வன உரிமைச் சட்டமும் ஜாமீன் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சிறையில் கிடக்கும் புருஷனைப் பற்றிக் கேட்டு வருகிறவளிடம் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் முன், வழக்கு எண்ணைக் கேட்கத் தெரிந்தவராக அவர் இருக்கட்டும்.