முள்கரண்டியும் அரிவாள்மணையும்

போன வருடம் ஒரு புகைப்பட வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலை, மூன்று மணி நேரம். என்னைத் தவிர எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாள் ஆசிரியர் கொடுத்த பயிற்சி எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். கடற்கரை வேண்டாம், கோபுரம் வேண்டாம், சுருக்கம் விழுந்த முதியவர் முகம் வேண்டவே வேண்டாம். வீட்டில் தினமும் புழங்கும் ஒரு பொருளை மட்டும் ஒரு வாரம் படம் எடுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து அவற்றை அலசுவோம் என்றார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அலசுவது என்றால் எனக்கு அளப்பதுதான். படத்தில் முக்கியமான பொருள் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் விழுகிறதா, ஹிஸ்டோகிராம் இரண்டு ஓரத்திலும் முட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க பைத்தானில் ஒரு சின்ன நிரலே எழுதிவைத்தேன். பொருளாக அம்மாவின் அரிவாள்மணையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மாதம்தான் முழங்கால் வலிக்காக டாக்டரிடம் போயிருந்தோம். இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுப்பு மேடையில் கத்தியும் பலகையும் வந்தன. அரிவாள்மணை சுவரோரம் சாய்ந்து நின்றது.

கறுப்புத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி வைத்து, அலகின் வளைவை மிக நெருங்கி எடுத்தேன். நுனியில் தேங்காய் துருவும் பற்கள் நட்சத்திரம்போல மின்னின. நிரல் முழு மதிப்பெண் போட்டது. வகுப்பிலும் பாராட்டு. ஆசிரியர் மட்டும், “வெஸ்டனைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். பார்த்திருந்தேன். அங்கிருந்து திருடியதுதான் அது.

எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் எடுத்த படம் ‘பெப்பர் நம்பர் 30’. ஒரே ஒரு குடைமிளகாய். அதை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பி அனுப்பியது, பின்னால் இருட்டாக ஒதுங்கிக்கொண்டது. துளையை மிகச் சிறிதாக்கியதால் ஒரு படத்துக்குப் பல நிமிடம் வெளிச்சம் காட்ட வேண்டியிருந்தது. பார்க்கிறவனுக்கு அது காய் மாதிரியே தெரியாது. முதுகு, தோள், கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உடல்கள் என்று என்னென்னவோ தோன்றும்.

அந்தப் படத்தை என் நிரலில் கொடுத்தால் என்ன தெரியும்? ஹிஸ்டோகிராம் என்பது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். இத்தனை புள்ளி கறுப்பு, இத்தனை சாம்பல், இத்தனை வெள்ளை. படத்தின் புள்ளிகளை எல்லாம் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துப் போட்டாலும் ஹிஸ்டோகிராம் அப்படியே இருக்கும், மிளகாய் இருக்காது. தெரிந்த விஷயம்தான். ஆனால் அதை நம்பி ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

என் பிழை நிரலோடு முடியவில்லை. படத்தை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. என்னடா இது?”

“உன் அருவாமணைதாம்மா.”

கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கால் வைக்கிற இடத்தக் காணோமே?”

அந்தப் பலகையில் முப்பது வருடம் அவர் கால் அழுத்திய இடம் வழவழவென்று குழிந்திருக்கிறது. நான் அதைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன். சட்டகத்தில் அது இடைஞ்சலாக இருந்தது.

இங்கேதான் வெஸ்டனை நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று புரிந்தது. மிளகாயின் வடிவம் செடியிலேயே முடிந்துவிட்டது, அதில் மனிதக் கைக்கு வேலையில்லை. அதனால் சமையலறையிலிருந்து பிரித்துப் புனலுக்குள் வைத்தாலும் அது எதையும் இழக்கவில்லை, இன்னும் கூடுதலாகவே ஆகிறது. கருவி அப்படியில்லை. அதன் வடிவத்தில் பாதியைக் கொல்லன் செய்தான், மீதியைப் புழங்கியவர் செய்தார். புழக்கத்தைத் துடைத்துவிட்டு அழகை மட்டும் எடுத்தால் கிடைப்பது யாருடையதும் இல்லாத ஒரு வளைவு.

அடுத்த வாரம் ஆசிரியர் இன்னொரு படத்தைக் காட்டினார். ஆந்த்ரே கெர்டெஸ் 1928இல் பாரிஸில் எடுத்த ‘முள்கரண்டி’. ஒரு தட்டு, அதன் விளிம்பில் சாய்ந்திருக்கும் முள்கரண்டி, அதன் நிழல். வேறு எதுவுமே இல்லை. இதுவும் வெஸ்டன் படம் அளவுக்குக் கறாரானது, தேவையில்லாத ஒரு கோடு கிடையாது. ஆனால் முள்கரண்டி கடைசிவரை முள்கரண்டியாகவே இருக்கிறது. ஒரு வெள்ளிச் சாமான் நிறுவனம் இதை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடிந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். படத்தில் கை இல்லை. ஆனால் தட்டின் விளிம்பில் முள்கரண்டி தானாகப் போய்ச் சாயாது. யாரோ வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தா, சாப்பிடும் முன்பா, தெரியாது. அந்த ஆளைக் காட்டாமலே அவர் இருப்பதைக் கெர்டெஸ் சொல்லிவிடுகிறார். ஹங்கேரியிலிருந்து 1925இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்தவர் அவர். யாருடைய மேஜையோ, ஒரு கரண்டி, ஒரு நிழல், அவருக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

ஆகவே ஒரு படத்தை அலசும்போது நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் படம் அந்தப் பொருளை என்ன செய்தது? கோடு, விகிதம், வெளிச்சம் எல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகு வர வேண்டியவை. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. கெர்டெஸின் நிழல் ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்திருந்தால் அந்தப் படமே இல்லை. ஆனால் எதற்காக அங்கே விழ வேண்டும் என்பதை விதி சொல்லாது.

அரிவாள்மணையை மறுபடி எடுத்தேன். துணி இல்லை. சமையலறைத் தரை, ட்யூப்லைட் வெளிச்சம், குழிந்த பலகை, அதற்குப் பின்னால் அவர் உட்காரும் வெற்றிடம். முதல் படத்தைவிடச் சுமாரான படம்தான். நிரல் பாதி மதிப்பெண்கூடக் கொடுக்கவில்லை. வகுப்பில் யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு படத்தின் வலது ஓரத்துக்கு வெளியே, மேஜைமேல் விரலை வைத்துச் சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி எடுத்திருக்கலாம். முறம் வைக்கிற இடமும் வந்திருக்கும்.”