கொடுங்கோலின் கீழ் இரு குத்துச்சண்டை வீரர்

வீரன் ஒருவனது வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவன் பெற்ற வெற்றிகளையே எண்ணிச் செல்வர். அமைதி நிலவும் நாட்டில் அவ்வளவுகோல் போதுமானதாகலாம். ஆயின், மக்களின் உடலையும் உழைப்பையும் தன் உடைமையெனக் கருதும் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவனுக்கு அது பொருந்தாது. அங்கே வெல்பவன் ஒருவன். வெற்றியை எடுத்துக்கொள்பவன் வேறொருவன். ஜேர்மனியின் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரரான மக்ஸ் ஷ்மெலிங்கின் வாழ்க்கையை ஆராய்ந்தோருள் ஒருசாரார் அவரை ஹிட்லரின் கைப்பாவை என்றனர். மற்றொரு சாரார் மறைந்து நின்ற அறவோர் என்றனர். இவ்விரு முடிபுகளும் குறையுடையன. ஷ்மெலிங்கின் காலத்தில் அவர் நாட்டிலேயே வாழ்ந்த யோகான் ட்ரோல்மன் என்பாரின் வாழ்வை அருகில் வைத்து நோக்கினாலன்றி உண்மை புலப்படாது.

1905 ஆம் ஆண்டிற் பிறந்த ஷ்மெலிங், 1930 யூன் 12 ஆந் திகதி நியூயோர்க்கில் ஜாக் ஷார்க்கியுடன் பொருது உலக வீரரானார். எதிரி இடுப்பின்கீழ்க் குத்தியமையால் தகுதியிழக்க, வீழ்ந்து கிடந்த நிலையிலேயே அவருக்குப் பட்டம் கிடைத்தது. 1932 இல் அதனை ஷார்க்கியிடமே இழந்தார். அவருடைய அமெரிக்க முகாமையாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அவரை விலக்குமாறு வந்த வற்புறுத்தல்களுக்கு ஷ்மெலிங் இணங்கவில்லை; நாஜிக் கட்சியிற் சேரவுமில்லை. அவரைப் போற்றுவோர் எடுத்துக்காட்டும் சான்றுகள் இவை; மறுக்கவொண்ணாதனவுமாம்.

ஆயின் மறுபக்கமும் உண்டு. 1936 யூன் 19 ஆந் திகதி, அதுவரை தோல்வியறியாத ஜோ லூயிஸை அவர் பன்னிரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். எதிரியின் ஆட்டத்தைக் கூர்ந்து கற்று, அவர் இடக்கையைத் தாழ்த்தும் பிழையைக் கண்டு பெற்ற வெற்றி அது. ஒரு தனிமனிதனது அறிவும் உழைப்பும் ஈட்டிய பேறு. அதனை அரசு ஓர் இனத்தின் வெற்றியாக மாற்றியது. அவர் ஹிண்டன்பேர்க் ஆகாயக்கப்பலில் நாடு திரும்பினார்; ஹிட்லர் அவரை விருந்துக்கு அழைத்தார்; ஷ்மெலிங்கின் வெற்றி ஜேர்மனியின் வெற்றி என்ற தலைப்புடன் அப்போட்டி திரைப்படமாக நாடெங்கும் காட்டப்பட்டது. பேர்லின் ஒலிம்பிக் விழாவுக்கு முன்னரும், அமெரிக்க வீரர் எவருக்கும் அங்கே இன்னல் நேராதென்று அந்நாட்டு அதிகாரிகளிடம் உறுதி கூறும் பணியை அவர் ஏற்றிருந்தார்.

கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் இரப்பதை, வேலேந்திய கள்வனின் வழிப்பறிக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கொடுங்கோலனின் விருந்தழைப்பும் அத்தகையதே. மறுப்பவன் படுவது என்னவென்பதை இருவரும் அறிவர். ஆதலால் விருந்துண்டமைக்காக மட்டும் ஷ்மெலிங்கைக் குற்றவாளியாக்குதல் நீதியாகாது. எனினும் வழிப்பறிக்கு உள்ளானவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். ஷ்மெலிங்கோ புகழோடும் வசதியோடும் திரும்பினார். இவ்வேறுபாட்டை அவரைப் போற்றுவோர் கணக்கிற் கொள்வதில்லை.

ஷ்மெலிங் 1977 இல் வெளியிட்ட தன்வரலாறு இவ்விடத்திலேயே ஆராய்தற்குரியது. நாஜிகளுக்கு முற்பட்ட பேர்லினில் அவர் கலைஞரோடு கொண்டிருந்த நட்பு அவர் வாழ்வின் ஒளிமிக்க பகுதி. ஓவியர் ஜோர்ஜ் குரோஸ் அவரைத் தீட்டினார். சிற்பி ருடோல்ஃப் பெல்லிங் அவருருவை வெண்கலத்தில் வார்த்தார். அச்சிற்பத்தின் கதை ஆட்சியின் இயல்பைத் தெளிவாய்க் காட்டும். 1937 இல் மியூனிக் நகரில் அரசு இரு கண்காட்சிகளை நடத்திற்று: ஒன்று போற்றத்தக்க கலைக்கு, மற்றொன்று இழிந்த கலையென அரசு தூற்றியதற்கு. பெல்லிங்கின் ஷ்மெலிங் சிலை முன்னதில் இடம்பெற, அவருடைய ஏனைய படைப்புகள் பின்னதில் இகழ்ச்சிக்கு வைக்கப்பட்டன. வேண்டியதை எடுத்துக்கொண்டு ஆக்கியவனை எள்ளும் அவ்வாட்சி, வீரனிடத்தும் அங்ஙனமே நடந்தது. 1938 யூன் 22 ஆந் திகதி ஜோ லூயிஸ் 124 விநாடிகளில் ஷ்மெலிங்கை வீழ்த்தவே, அவருக்கிருந்த அரச ஆதரவு மங்கிற்று.

அதே ஆண்டு நவம்பரில் யூதர்மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டபோது, யூத நண்பரொருவரின் புதல்வர் இருவரைத் தம் விடுதி அறையில் ஒளித்துக் காத்தார் ஷ்மெலிங். 1989 இல், அவர்களுள் ஒருவரான ஹென்றி லெவின் அதனை ஒரு விருந்தில் அறிவிக்கும்வரை உலகு அதனை அறியாது. அச்செயலினும் அரை நூற்றாண்டு மௌனமே அவருடைய பண்புக்குப் பெருஞ்சான்று எனலாம். ஆயினும் ஒரு நற்செயல் பிறவற்றை அழித்துவிடாது; பிறவும் அந்நற்செயலை அழித்துவிடா. டேவிட் மார்கோலிக் 2005 இல் எழுதிய நூல் அக்காலச் செய்தித்தாள்களைத் துருவி ஷ்மெலிங்கின் இரு முகங்களையும் காட்டுவதாற் சிறப்புறுகின்றது. ஆயின் லூயிஸ், ஷ்மெலிங் என்னும் இருவரது மோதலே அதன் மையமாதலின், ஜேர்மனியின் மேடையிலிருந்து அகற்றப்பட்டோர் அதில் முதன்மை பெறவில்லை.

அவர்களுள் ஒருவரே ட்ரோல்மன். பிறர் ஜிப்சிகள் என இகழ்ந்தழைத்த சின்ட்டி இனத்தில் 1907 இற் பிறந்து ஹனோவரில் வளர்ந்தவர். கால்களை விரைந்து பெயர்த்துத் துள்ளியாடும் அவர் முறையை நாஜி ஏடுகள் நடனமென எள்ளின. யூதரான எரிக் சீலிக்கிடமிருந்து ஜேர்மன் பட்டம் 1933 இற் பறிக்கப்பட்டபின், அவ்வாண்டு யூன் 9 ஆந் திகதி ட்ரோல்மன் அடோல்ஃப் விற்றுடன் அதற்காகப் பொருதார். அவர் தெளிவாய் முந்தி நின்றும், முடிவில்லையென அறிவிக்குமாறு அதிகாரிகள் பணித்தனர். மக்கள் கொதித்தெழவே பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. மகிழ்ச்சியால் அவர் கண்ணீர் சொரிந்தார். சில நாள்களில், அக்கண்ணீரும் வீரனுக்கு ஒவ்வாத ஒழுக்கமெனக் காட்டப்பட்டுப் பட்டம் பறிக்கப்பட்டது.

யூலை 21 ஆந் திகதி குஸ்தாவ் ஏடருடன் அவர் மோதவேண்டியிருந்தது. தம் வழக்கம்போல் துள்ளியாடக்கூடாதெனக் கட்டளை. ட்ரோல்மன் தலைமயிருக்குப் பொன்னிறமூட்டி, உடலெங்கும் வெண்மாப் பூசி மேடையேறினார். அரசு வேண்டிய ஆரிய வீரனின் கோலம் அது. அசையாது நடுவில் நின்று குத்துகளை ஏற்று, ஐந்தாஞ் சுற்றில் வீழ்ந்தார். பின்னர் அவருக்கு வலிந்து கருத்தடை செய்யப்பட்டது. படையில் சேர்க்கப்பட்டுப் போரிற் காயமுற்றார். 1942 இல் கைதாகி நொயென்காமே வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, 1944 இற் கொல்லப்பட்டார். பறித்த பட்டத்தை ஜேர்மன் குத்துச்சண்டைச் சங்கம் 2003 இலேயே மீளவளித்தது. ஸ்டெபானி பார்ட் 2014 இல் அவரைப் பற்றி நாவலொன்றை வெளியிட்டார்.

இவ்விரு வாழ்வுகளையும் இணைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். ஷ்மெலிங்கின் வெற்றியை அரசு தனதாக்கிக்கொண்டது. ட்ரோல்மனின் தோல்வியை அதனால் தனதாக்கிக்கொள்ள முடியவில்லை. வெற்றி பேசவேண்டியதை அரசு எழுதிக்கொடுத்தது. அத்தோல்வியோ அவ்வரசின் பொய்யை அதன் கண்முன்னே நடித்துக் காட்டிற்று. இதனால் ஷ்மெலிங் இழிந்தவராகார். முகாமையாளரைக் கைவிட மறுத்ததும் சிறுவரைக் காத்ததும், தமக்கிருந்த தெரிவை அவர் நன்கு பயன்படுத்திய இடங்கள். ஒலிம்பிக்குக்கு உறுதி கூறியது தவறவிட்ட இடம். தமது பேதைமை அதுவென அவரே பின்னர் கூறினார். ட்ரோல்மனுக்கோ எத்தெரிவும் எஞ்சவில்லை; எவ்வாறு தோற்பதென்பதொன்றே எஞ்சியது.

ஷ்மெலிங் 2005 இல் தம் 99 ஆம் அகவையில் மறைந்தார். ட்ரோல்மன் முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்தார். நீண்ட வாழ்வு தன் கதையைத் தானே எழுத வாய்ப்பளிக்கின்றது. குறுகிய வாழ்வு பிறர் எழுதுங்காலம்வரை காத்துக் கிடக்கின்றது. ஆகவே, கொடுங்கோலின்கீழ் வாழ்ந்த வீரனின் தன்வரலாற்றைப் படிப்போர், அதனை எழுத வாய்க்காதோரின் வாழ்வையும் உடன்வைத்துப் படித்தல் கடனாம்.