ஆவணங்களில் வாழும் சிங்கை

ஒரு நகரின் வரலாற்றை அதன் மாடமாளிகைகள் மட்டும் உரைத்துவிடா. பழுப்பேறிய ஏடுகளும் அதற்குச் சான்று பகரவேண்டும். சிங்கப்பூரின் பழைய தமிழ் ஏடுகளைப் புரட்டுவோர், இந்நகரின் முகம் தொடக்கம் முதலே பலவாக இருந்ததை உணர்வர்.

1872இல் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’ நாகூர்ப் புலவர் ஒருவர் இயற்றிய இசுலாமியப் பக்திப் பனுவல். 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ வெளிவந்தது. நாகூரும் யாழ்ப்பாணமும், இசுலாமும் சைவமும் ஒரே துறைமுகத்தில் தமிழால் கைகோத்தன. அவற்றிற்கிடையே, 1876இல் ‘ஜாவி பெரானாக்கான்’ என்னும் மலாய் வார இதழ் தோன்றியது. அதனைத் தொடங்கியோர் இந்திய முசுலிம் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்த மரபினர். எனவே, தமிழர் வரலாற்றைத் தமிழ் ஏடுகளில் மட்டும் தேடுவது நிறைவான ஆய்வாகாது.

மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ (1887–1890) இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தன்னை இந்நகரின் நண்பனாகவே பெயரிட்டுக்கொண்ட அவ்விதழ், விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவையொட்டிப் பிறந்தது. தமிழ்ப்பற்றும் முடிப்பற்றும் அதில் ஒருங்கே குடிகொண்டன. முன்னதைப் போற்றிப் பின்னதை மறைப்போர், ஆவணத்தைப் படிப்பவரல்லர்; தமக்கு வேண்டியதைப் பொறுக்குபவரே.

ஏடுகள் பேசாத இடமும் உண்டு. 1825 முதல் இந்நகருக்குக் கொணரப்பட்ட இந்தியக் கைதிகளின் உழைப்பில் புனித ஆண்ட்ரூ தேவாலயம் எழுந்தது. அவர்களைப்பற்றி அதிகாரிகள் எழுதிவைத்தனர். அவர்கள் கூற்றாக எஞ்சியவை மிகச் சில. 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டபின், எழுதாத எளியோரின் நினைவுகளும் ஆவணமாகும் வழி பிறந்தது. ஆயினும், கைதிகளின் தலைமுறைக்கு அது காலங்கடந்த கொடையே.

2015இல், ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன. தொண்டர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து ஆற்றிய அப்பணி பாராட்டுக்குரியது. எனினும், தொகுத்தல் முதற்படியே. பெருமையை மட்டும் எடுத்தோதும் விழா உரைகளால் ஏடுகளின் பயன் நிறைவுறாது. ஆசிரியர் அவற்றை வகுப்பறைக்குக் கொணர்தல் வேண்டும். மாணவர் அவற்றின் முரண்களையும் மௌனங்களையும் வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவும் தலைமுறையே சிங்கையை உள்ளவாறு அறிந்து கொண்டாடும் தகுதி பெறும்.